அடினியம் வளர்ப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

அடினியம் பற்றித் தேடினால் சென்னைக்காரர் ஒன்று சொல்வார், தாய்லாந்துக்காரர் வேறொன்று சொல்வார். இரண்டும் அவரவர் ஊருக்குச் சரி. தருமபுரியில் மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவரும் தேன்கனிக்கோட்டையில் திண்ணையோரம் வைத்திருப்பவரும் அதை அப்படியே பின்பற்றினால் சரிப்படாது. செடி வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இந்த இரண்டு மாவட்டங்களை மட்டும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

அடினியம் கள்ளி வகையா?

இல்லை. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. பூவைப் பார்த்தாலே அரளிச் சாயல் தெரியும். நர்சரிகளில் பாலைவன ரோஜா என்று சொல்லி விற்பதும் இதைத்தான். சொந்த ஊர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதி, கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா. ஏமனில் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் எடுத்த குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1775இல் அச்சானபோது, இதையும் அரளி இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள். அடித்தண்டு கிழங்கு மாதிரி பருத்திருப்பது தண்ணீரைச் சேமித்து வைக்க. இதை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

நம் பக்கத்து வெயிலையும் குளிரையும் தாங்குமா?

எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. தருமபுரி, அரூர், பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி இதெல்லாம் ஒரு கணக்கு. சூளகிரி மேடு ஏறி ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை போனால் அது வேறு கணக்கு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதியளவு உயரம்தான். ஒரே நாள் மாலையில் கிருஷ்ணகிரியில் மின்விசிறி சுற்றும், தளியில் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

கீழ்ப்பக்கத்துக்கு அடினியம் அமர்க்களமான செடி. சித்திரை வெயிலுக்குக் கவலைப்பட வேண்டாம். பார்க்கப்போனால் நம் வீட்டு மனிதர்கள்தான் அந்த வெயிலைத் தாங்க மாட்டார்கள், செடி தாங்கும். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே மாடியில் வைத்தால் கிழங்கின் மேற்குப் பக்கம் வெந்து தோல் வெளுத்துப் போகும். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு மாடிக்கு ஏற்றுங்கள்.

மேல்பக்கத்திலும் நன்றாகவே வளரும், ஆனால் வருடத்தில் மூன்று நான்கு மாதம் தூங்கும். மார்கழி, தை விடியற்காலையில் 15 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். அந்த அளவில் அடினியம் வளர்ச்சியை நிறுத்திவிடும். 10 டிகிரியை நெருங்கினால் நுனிகள் கருக ஆரம்பிக்கும். ஆகவே ஓசூர்க்காரர்கள் கிழக்கும் தெற்கும் பார்த்த சுவரோரமாக வைப்பது நல்லது. பகலில் சூடேறிய சுவர் ராத்திரியில் கொஞ்சம் கதகதப்பு கொடுக்கும்.

நாற்றுச் செடி வாங்குவதா, ஒட்டுச் செடி வாங்குவதா?

கிழங்கு அழகாக வேண்டுமென்றால் விதையில் வந்த நாற்று. குறிப்பிட்ட நிறம், அடுக்குப் பூ வேண்டுமென்றால் ஒட்டு. விதை நாற்றில் பூ எந்த நிறத்தில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும் இளஞ்சிவப்பில் ஏதோ ஒரு சாயல் வரும்.

ஒட்டுச் செடி வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் ஒட்டு கட்டிய இடத்தைப் பாருங்கள். மேல் தண்டும் கீழ்த் தண்டும் சுற்றிலும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் காற்றுக்கு உடையும். அப்புறம் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒட்டுக்குக் கீழே புதுத் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் அடிச்செடி மேலேறி, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய அடுக்குப் பூ காணாமல் போய்விடும்.

எந்தத் தொட்டி நல்லது?

மண் தொட்டி. ஆழம் குறைவாக, வாய் அகலமாக. அடியில் ஒரு ஓட்டை போதாது, மூன்று நான்கு வேண்டும். செடியின் அளவுக்கு மிகப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, அதுவே அழுகலுக்குத் தொடக்கமாகிவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் வளராது என்றில்லை, தண்ணீர் ஊற்றும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாடியில் வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேல் பாரம் அதிகமான அடினியம் தொட்டி பறப்பதற்கு அம்மி அளவு பலம்கூட வேண்டாம். ஆனி, ஆடியில் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கீழே இறக்கி வையுங்கள்.

மண் கலவை எப்படி?

தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்கக் கூடாது, சில விநாடிகளில் அடியில் வடிய வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறும் எந்தக் கலவையும் நல்ல கலவைதான். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் பியூமிஸ், பெர்லைட் எல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பதை வைத்துச் சொல்கிறேன். செங்கல் சூளையில் உடைந்த கல்லை வாங்கிப் பட்டாணி அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். அது இரண்டு பங்கு. பருமணல் இரண்டு பங்கு. செம்மண் ஒரு பங்கு. நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கருக்கிய உமி கிடைத்தால் ஒரு பிடி சேர்க்கலாம்.

மணலில்தான் ஏமாறுவார்கள். ஆற்று மணல் கிடைப்பது அரிது என்பதால் வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய எம்-சாண்டை அள்ளிப் போட்டுவிடுகிறோம். அதில் மாவு போன்ற கல்தூள் கலந்திருக்கும். நனைந்து காய்ந்தால் சிமெண்ட் பூச்சு மாதிரி இறுகிப்போகும், வேருக்குக் காற்றே போகாது. எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் பருக்கையை மட்டும் இரண்டு தண்ணீர் அலசிப் போடுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரிகளுக்குப் பஞ்சமில்லை. கால் அங்குலச் சிறு ஜல்லியும் இதற்கு நன்றாகவே உதவும்.

தேங்காய் நார்க்கழிவை விதை போடும்போது சேர்க்கலாம். வளர்ந்த செடிக்கு அதிகம் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்த்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு மூன்று முறை அலசி, உப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள். வயலிலிருந்து எடுத்த களிமண் அறவே கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். பங்குனியில் தருமபுரி மாடியில் எட்டு அங்குல மண் தொட்டி இரண்டே நாளில் காய்ந்துவிடும். அதே தொட்டி ஐப்பசியில் ஓசூரில் பத்து நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் விரல் நீளத்துக்குச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்ற வேண்டாம். சுத்தமாக வந்தால் அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது இந்தச் செடிக்கு ஆகாத பழக்கம். மேல்மண் மட்டும் நனையும், ஆழத்து வேர் காயும், கிழங்கின் கழுத்தில் எப்போதும் ஈரம் நிற்கும்.

கீழ்ப்பக்கத்தில் மாசி முதல் ஆனிவரை செடிக்குப் பசி தாகம் எல்லாம் அதிகம். அந்த மாதங்களில் பாலைவனச் செடிதானே என்று பட்டினி போட வேண்டியதில்லை. தாராளமாக ஊற்றலாம், வடிகால் சரியாக இருந்தால் போதும். மேல்பக்கத்தில் கார்த்திகை பிறந்ததும் குறைக்க ஆரம்பித்து, இலை முழுக்க உதிர்ந்த செடிக்கு ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெயில் இருக்கும் நாளில் காலையில் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

அடினியம் தாகத்தால் சாவது அபூர்வம். பாசத்தோடு ஊற்றிய தண்ணீரால் செத்த செடிகள்தான் தெருவுக்கு நான்கு இருக்கும்.

எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஃபுளோரைடும் இருக்கிறது என்கிறார்கள். ஊற்றலாமா?

நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. பல் கறைபட்ட பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் குடிப்பதற்கு. செடிக்கு அதை ஊற்றிவிட்டு நீங்கள் போர் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

அடினியம் போர் தண்ணீரில் பிழைக்கும். நாளடைவில் பிரச்சினை தருவது உப்பும் சுண்ணாம்பும்தான். தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். இலை ஓரம் தீய்ந்த மாதிரி ஆகும். அந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் மாதம் ஒருமுறை அதை நிறைய ஊற்றி அடியில் வடிய விடுங்கள், உப்பு கழுவிப் போகும். இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் பாசனத் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் வெளியே விடலாமா?

ஒரு நாள் மழை, மறுநாள் வெயில் என்றால் விடலாம். மழைத் தண்ணீர் பட்டால் செடி பளபளவென்று ஆகும். தொடர்ந்து மூன்று நாள் மூடிக்கொண்டு பெய்தால் தூக்கிக் கூரைக்குக் கீழே வைத்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் எந்த மண் கலவையும் கைகொடுக்காது.

தூக்க முடியாத பெரிய தொட்டியை ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் வழிந்துவிடும். அடித்தட்டு வைத்திருந்தால் மழைக்காலம் முடியும்வரை எடுத்துவிடுங்கள். ஓசூர் பக்கம் ஆடி, ஆவணியில் சாரலாகப் பிடித்துக்கொண்டு வெயிலே காட்டாத நாட்கள் வரும். கனமழையைவிட அதுதான் ஆபத்து. மண் காயவே காயாது, நமக்கும் மழை பெய்ததாகவே தோன்றாது.

இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

மார்கழியில் ஓசூரிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், தூங்குகிறது. கிழங்கு கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். உரம் வைக்காதீர்கள், எழுப்பப் பார்க்காதீர்கள். மாசியில் வெயில் ஏறியதும் நுனியில் அரிசி அளவுக்குப் பச்சை தெரியும்.

சித்திரையில் தருமபுரியிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் வேறு காரணம் இருக்கும். மிகவும் காய்ந்திருக்கலாம், செஞ்சிலந்தி பிடித்திருக்கலாம், வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். முதலில் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்.

கிழங்கு மெத்தென்று இருக்கிறது. என்ன செய்வது?

பதறித் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், கத்தியையும் எடுக்காதீர்கள். மெத்தென்று ஆவதில் இரண்டு விதம் உண்டு.

தாகத்தில் மெத்தென்று ஆனால் கிழங்கு முழுக்க ஒரே சீராக லேசாக அமுங்கும், தோல் சுருங்கியிருக்கும், மண் உலர்ந்திருக்கும். நன்றாகத் தண்ணீர் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும்.

அழுகல் அப்படி இருக்காது. ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் மண்ணை ஒட்டிய இடத்தில், விரல் உள்ளே போகிற மாதிரி அமுங்கும். நிறம் கறுத்திருக்கும், சில சமயம் பழுப்பாக நீர் கசியும், மோந்து பார்த்தால் நாற்றம் தெரியும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் ஏறக்குறைய இதுதான்.

அப்போது அன்றைக்கே செடியைப் பிடுங்கி, வேரை அலசுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பிரிட்டில் துடைத்த கூரான கத்தியால் அழுகிய சதையைச் சீவுங்கள். உள்ளே நல்ல சதை வெள்ளையாக, நறுக்கிய முள்ளங்கி மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் ஒரு சீவு சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மனசு கேட்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் அந்தக் கொஞ்சமே திரும்பப் பரவும். பாதிக் கிழங்கு போனாலும் பரவாயில்லை, பிழைத்துக்கொள்ளும். வெட்டிய இடமெல்லாம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளோ கார்பன்டசிம் தூளோ தடவி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெட்டுவாய் தோல் மாதிரி காய்ந்து இறுகிய பிறகு புது மண்ணில் நடுங்கள். நட்டு ஒரு வாரம்வரை தண்ணீர் வேண்டாம்.

கிழங்கு முழுக்கப் போய்விட்டதென்றால் மேலே உள்ள நல்ல கிளைகளை வெட்டிக் காயவைத்து நட்டுப் பிழைக்கவைக்கலாம். கிழங்கு பழையபடி அழகாக வராது, ஆனால் பூ அதே பூ.

இலை செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை. ஏன்?

பத்தில் எட்டு வீட்டில் காரணம் வெயில் போதாததுதான். தினமும் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வாசலில் போர்ட்டிகோவுக்குக் கீழே அழகுக்கு வைத்துவிட்டுப் பூ கேட்டால் கிடைக்காது.

மீதி இரண்டு வீட்டில் உரம் தப்பு. ரோஜாவுக்குப் போடுவது போல யூரியாவையோ பச்சைச் சாணிக் கரைசலையோ ஊற்றினால் இலையாகத் தள்ளும். கவாத்து செய்யாமல் விட்டதும் ஒரு காரணம்.

கவாத்து எப்போது, எவ்வளவு?

பூ கிளை நுனியில் வருகிறது. ஒரு கிளையை வெட்டினால் இரண்டு மூன்று கிளை வரும், அத்தனை நுனியிலும் பூ வரும். கீழ்ப்பக்கத்தில் தை கடைசி அல்லது மாசி, மேல்பக்கத்தில் மாசி கடைசி அல்லது பங்குனி. குளிரில் வெட்டாதீர்கள், அடைமழையிலும் வெட்டாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு வரை வெட்டலாம். வெட்டுவாய் சரிவாக இருக்கட்டும். வடியும் பாலைத் துடைத்துவிட்டுப் பூஞ்சைக்கொல்லித் தூளோ மஞ்சள் தூளோ வையுங்கள். இரண்டு மாதம் பொறுத்தால் மொட்டு தெரியும்.

என்ன உரம் போடலாம்?

மண் மாற்றும்போது எலும்புத்தூள், வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம். வளரும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 19:19:19 நீரில் கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம். மொட்டு எடுக்கும் சமயம் 0:52:34 அதே அளவு. இயற்கை வழியில் போகிறவர்கள் பஞ்சகவ்யா 3 சதவீதக் கரைசல் தெளிக்கலாம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூங்கும் செடிக்கு ஒன்றுமே வேண்டாம்.

கிழங்கு பெருக்க என்ன வழி?

பொறுமையும் வெயிலும்தான் முக்கிய வழி. ஒவ்வொரு தடவை தொட்டி மாற்றும்போதும் கிழங்கை ஒரு அங்குலம் மேலே தூக்கி நடுங்கள். பக்க வேர்கள் வெளியே தெரிந்து பருக்கும். கீழே நேராக இறங்கும் ஆணிவேரை இளம் வயதிலேயே நறுக்கிவிட்டால் பக்கவாட்டில் பரவும். கிழங்கு பருக்க வேண்டிய முதல் இரண்டு மூன்று வருடம் கிளைகளை அதிகம் வெட்டாதீர்கள். இலைதான் சமைத்துப் போடுகிறது.

காய் பிடித்திருக்கிறது. விதை எடுப்பது எப்படி?

உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், நம் ஊரில் தானாகக் காய் பிடிப்பது குறைவு. மாட்டுக் கொம்பு மாதிரி ஜோடியாக வரும். முற்ற இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும்போது காயைச் சுற்றி நூலாலோ நூல் வலையாலோ கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் ஒரு மத்தியானம் வெடித்து, இரண்டு முனையிலும் பட்டுப் பஞ்சு வைத்த விதை எல்லாம் எதிர்வீட்டு மாடிக்குப் பறந்துவிடும்.

பஞ்சை நீக்கிவிட்டு, அலசிய தேங்காய் நார்க்கழிவும் பருமணலும் சமமாகக் கலந்த தட்டில் விதையைப் படுக்கவைத்து, லேசாக மூடுங்கள். புது விதை என்றால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்த விதையில் முளைப்பு குறைந்துகொண்டே போகும். பங்குனி முதல் ஆனிவரை விதைக்கலாம். நாற்றுக்கு மட்டும் மண் முழுக்கக் காயக் கூடாது. வளர்ந்த செடியின் சட்டம் குழந்தைக்குப் பொருந்தாது.

ஆன்லைனில் நீல அடினியம், கறுப்பு அடினியம் விதை விற்கிறார்களே?

நீல அடினியம் என்று ஒன்று இல்லை. படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். கறுப்பு என்பது அடர்ந்த அரக்குச் சிவப்பு. அது உண்மையில் உண்டு, ஆனால் விதையில் அதே நிறம் வரும் என்று சொல்ல முடியாது. காசை ஒட்டுச் செடிக்குச் செலவழியுங்கள்.

வீட்டிலேயே ஒட்டு கட்ட முடியுமா?

முடியும். சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டு கட்டுகிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டு. மாவில் பட்டைக்குப் பட்டை பொருந்த வேண்டும் என்பதுபோல இங்கேயும் தோலுக்கு அடியில் உள்ள பச்சை வளையம் ஒன்றோடொன்று தொட வேண்டும்.

விரல் மொத்தமுள்ள நாற்றை ஒரே வெட்டில் மட்டமாக வெட்டுங்கள். அதே மொத்தத்தில் நல்ல ரகத்தின் தண்டு இரண்டு அங்குலம், இலை நீக்கியது, அதன் அடியையும் மட்டமாக வெட்டி உடனே மேலே வையுங்கள். பிளாஸ்டிக் நாடாவால் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டி, ஒரு பாலிதீன் உறையால் மூடி, நேர் வெயில் படாமல் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மூன்று வாரத்தில் துளிர் தெரிந்தால் பிடித்துவிட்டது. பங்குனி, சித்திரையில் செய்வது தோதாக இருக்கும். வெட்டுவாயில் தண்ணீர் படவே கூடாது.

ஒரே ராத்திரியில் இலை எல்லாம் காணோம்! ஆடு வந்த மாதிரியும் தெரியவில்லை.

அரளிப் புழு. விரல் நீளம், பச்சை நிறம், தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி, வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. இலைத் தண்டை ஒட்டியே இருப்பதால் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. இலையைத் தேடாமல் தொட்டிக்குக் கீழே பாருங்கள். மிளகு போன்ற கருப்பு எச்சம் கொட்டிக்கிடந்தால் நேர் மேலே புழு இருக்கிறது. கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து வேண்டாம். பக்கத்தில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால் அங்கேயும் தேடுங்கள். வளர்ந்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அழகான அந்திப்பூச்சி ஆகும் என்பதால், நான் வேலியோர அரளியில் கொண்டுபோய் விடுகிற கட்சி.

மாவுப்பூச்சிக்குச் சின்ன பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில். கோடையில் இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. இரண்டு மூன்று நாள் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மொட்டில் மஞ்சளாக மொய்ப்பது அசுவினி, அதற்கும் தண்ணீர்ப் பீய்ச்சலே பெரும்பாலும் போதும்.

விஷச் செடியா? வீட்டில் சின்னப் பிள்ளைகளும் ஆடும் இருக்கின்றன.

விஷம்தான். இதில் சமாதானம் சொல்ல மாட்டேன். அரளியில் இருப்பது போன்ற, இதயத்தைத் தாக்கும் பொருட்கள் இதன் பாலில் உள்ளன. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் இதைத் தடவியிருக்கிறார்கள். செடியைத் தொடுவதாலோ பக்கத்தில் இருப்பதாலோ ஒன்றும் ஆகாது. வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை இலையையோ பூவையோ மென்றுவிட்டால் கை வைத்தியம் செய்து நேரம் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு இலையைக் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

ஆடு மாடு இருக்கும் வீட்டில் மாடியில் வைப்பதே சரி. கவாத்து செய்த கிளைகளைக் குப்பைமேட்டில் வீசாதீர்கள், ஆடு அங்கேதான் முதலில் போகும். குழி தோண்டிப் புதையுங்கள்.

பால் வடியும் செடி வீட்டில் ஆகாது என்கிறார் மாமியார்.

விஷச் செடியைப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை. மாடியில் வையுங்கள். அங்கேதான் வெயிலும் இருக்கிறது.

தரையில் நடலாமா?

கீழ்ப்பக்கத்தில் மேட்டு நிலம், சரளை கலந்த செம்மண் என்றால் தாராளமாக நடலாம். ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தண்ணீர் தேங்கும் களி நிலத்தில் வேண்டாம். ஓசூர், தளி பக்கம் தொட்டியே மேல், வேண்டியபோது இடம் மாற்றலாம்.

ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். யாரிடம் விட்டுப் போவது?

யாரிடமும் விட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு தினமும் ஊற்றிவிடுவார். வளர்ந்த செடி என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் கொடுத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில், மழை படாத கூரையோரம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது பாதி இலை உதிர்ந்திருக்கும், கிழங்கு கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஒரு வாரத்தில் தேறிவிடும். நாற்றுகள் மட்டும் அவ்வளவு நாள் தாங்காது. அவற்றை அக்காவிடம் கொடுக்கலாம், ஈர்க்குச்சியோடு சேர்த்து.